விலகியவரும் நிறுத்தப்பட்டவரும்

1975இல் மணிலாவில் நடந்த குத்துச்சண்டையில் முகமது அலியுடன் மோதிய ஜோ ஃப்ரேசியருக்குக் கண்கள் வீங்கி, வரும் குத்தே தெரியவில்லை. தொடர்வேன் என்று அடம்பிடித்தார். 14ஆம் சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் எடி ஃபட்ச் நிறுத்திவிட்டார். இன்றும் ஃப்ரேசியரை மாவீரர் என்றே போற்றுகிறார்கள்.

2000இல் பெர்லினில், கிறிஸ் பைர்டைவிடப் புள்ளிகளில் தெளிவாக முன்னிலையில் இருந்த விட்டாலி கிளிச்கோ, தோள்பட்டைத் தசைநார் கிழிந்ததால் 9ஆம் சுற்றுக்குப் பின் தானே விலகினார். கோழை என்று ஏசினார்கள்.

வீங்கிய கண் எல்லோருக்கும் தெரிந்தது, கிழிந்த தசைநார் தெரியவில்லை. இதற்காகவா ஒருவரைத் தூற்றுவது? அதே கிளிச்கோ 2003இல் லெனாக்ஸ் லூயிசுடன் மோதி முகமெல்லாம் ரத்தம் வழிந்தபோதும், மருத்துவர் போட்டியை நிறுத்தியதை ஏற்க மறுத்துக் கொதித்தார். அவரிடம் துணிவு என்றுமே குறைந்ததில்லை.