நெருஞ்சியா, யானை நெருஞ்சியா?

இரண்டுக்கும் மஞ்சள் பூ, முள் காய். நீர்க்கடுப்புக்கு நாட்டு வைத்தியத்தில் இரண்டையும் சொல்வார்கள். ஆனால் குடும்பமே வேறு.

நெருஞ்சி தரையோடு படரும். எதிரெதிராகச் சிற்றிலைகள், பூவுக்கு ஐந்து தனி இதழ்கள். முற்றிய காய் ஐந்து துண்டாக உடையும்; துண்டுக்குத் துண்டு முள். சைக்கிள் டயரைக் கேட்டால் தெரியும்!

யானை நெருஞ்சியோ எள்ளுக்கு உறவு. சதைப்பற்றான தண்டு, ஓரம் நெளிந்த தனி இலை, குழல் போன்ற பூ. சந்தேகமா? பச்சைச் செடியைப் பிடுங்கித் தண்ணீரில் கலக்குங்கள். சற்று நேரத்தில் தண்ணீர் விளக்கெண்ணெய்போலக் கொழகொழவென்று ஆகிவிடும். நெருஞ்சியிடம் இந்த வித்தை கிடையாது.

சரி, கடையில் காய்ந்த காயாக வாங்கினால்? உடையாமல், நான்கு பட்டையோடு, அடிப்பக்கம் நான்கு முள் இருந்தால் அது யானை நெருஞ்சி.