டிஸ்பென்சரிக்கு டெப் வாங்குவதென்றால் பேனையோடு வாங்குங்கள்

களுவாஞ்சிக்குடியில் பின்னேரங்களில் மட்டும் திறக்கிற சின்ன டிஸ்பென்சரி என்னுடையது. நோயாளர் குறிப்பு எழுதவென்றே சாம்சங் கலக்ஸி டெப் எஸ்6 லைட் ஒன்றைப் பாவிக்கிறேன். மேசையில் கம்ப்யூட்டர் இருந்தால் நான் திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருப்பேன், வந்தவர் என் காதைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருப்பார். இதில் அந்தக் கரைச்சல் இல்லை, கொப்பியில் எழுதுவது போலவே எழுதிக்கொண்டு முகத்தைப் பார்த்துக் கேட்கலாம்.

எல்லாம் அந்தப் பேனையால்தான். பெட்டிக்குள்ளேயே வருகிறது, சார்ஜ் போடத் தேவையில்லை. வேறொரு மலிவு டெப்பும் ரப்பர் முனைப் பேனையும் முதலில் வைத்திருந்தேன். உள்ளங்கை பட்டாலே கோடு விழும், பிரஷர் 140 என்று எழுதினால் என்ன வருமென்று சொல்லத் தேவையில்லை. இதில் கையெழுத்தையும் பிறகு தேடி எடுக்கலாம் (டொக்டர்மாரின் கையெழுத்தென்றால் அதுவும் சந்தேகந்தான்).

நான் எதிர்பார்க்காத பிரயோசனம் கேமராவில். பழுகாமத்திலிருந்து வருகிற ஓர் அம்மாவுக்கு ஆஸ்துமா. பம்ப்பை அழுத்திவிட்டு, கொஞ்சம் பிந்தித்தான் மூச்சை இழுப்பார், எத்தனை தரம் சொல்லியும் சரிவரவில்லை. அவரிடம் கேட்டுவிட்டு அவர் எடுப்பதையே வீடியோ எடுத்துத் திரையைத் திருப்பிக் காட்டினேன். "என்ன மனே, மருந்தெல்லாம் வெளியால போகுது!" என்றார். அழுத்துகிற அதே நேரம் மெதுவாக இழுத்து, பத்து செக்கன் மூச்சைப் பிடித்து வைக்க வேண்டும் என்பது அப்போதுதான் பிடிபட்டது. வீடியோவை அங்கேயே அழித்துவிட்டேன். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவலுக்குத் தனிக் கவனம் இருக்கிறது, அதனால் பின் நம்பர் போடாமல் மேசையில் விட்டுவிட்டு எழும்பாதீர்கள். விரல் ரேகை வசதி இதில் கிடையாது.

7040 எம்ஏஎச் பட்டரி, கரண்ட் போன பின்னேரங்களிலும் கவலையில்லை. துடைக்க 70 வீத அல்கஹோலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், திரையில் நேரே அடிக்க வேண்டாம். தண்ணீர் தாங்கும் வகை இல்லை இது. நல்ல தடித்த கவர் ஒன்றும் போடுங்கள், சின்னப் பிள்ளைகள் வந்தால் முதலில் இதைத்தான் பிடுங்குவார்கள்.

மருந்துக் கணக்குக்கும் பில் அடிக்கவும் மட்டும் இதை வாங்காதீர்கள், அதற்குப் பழைய கம்ப்யூட்டரே போதும்.