பயண பைக்குக்கு ரீமேப் செய்யும் முன்: என் ஹிமாலயனுக்கு நேர்ந்தது

என்னிடம் இருப்பது 2021இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. ஒற்றை சிலிண்டர், 24 குதிரைத்திறன், 32 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). வேகத்துக்கான வண்டி அல்ல என்று தெரிந்தேதான் வாங்கினேன். ஆனாலும் நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது இன்னும் கொஞ்சம் இழுவை வேண்டும் என்ற ஆசையில், கோயம்புத்தூரில் ஒரு டியூனிங் கடையில் 16,000 ரூபாய் கொடுத்து எஞ்சினை இயக்கும் சிறு கணினியான இசியூவை ரீமேப் செய்துகொண்டேன், அதாவது அதன் மென்பொருளை மாற்றிக்கொண்டேன்.

"உங்கள் வண்டியை டைனோவில் ஏற்றி, அதற்கென்றே மேப் எழுதித் தருவோம்" என்றார்கள். டைனோ என்பது வண்டியை உருளைமேல் ஓட்டித் திறனை அளக்கும் கருவி. காலையில் வண்டியை விட்டேன். உள்ளே நின்று பார்க்க அனுமதிக்கவில்லை. மாலையில், திறன் 4 குதிரைத்திறன் கூடியதாகக் காட்டும் வரைபடத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். ரீமேப் என்பது பெட்ரோல் எவ்வளவு பாய வேண்டும், பிளக் எந்த நொடியில் பொறியிட வேண்டும் என்ற கணக்குகளை மாற்றுவதுதான். காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ இல்லாத எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் அளவை அது கூட்டிவிடாது. ஏர் ஃபில்டரும் சைலன்சரும் கம்பெனியில் வந்தபடியே இருக்க, 24 குதிரைத்திறன் வண்டியில் மென்பொருள் மட்டும் 4ஐக் கூட்டியது என்றால் அன்றே நான் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்துக் கொல்லிமலைக்குப் போனேன். அடிவாரத்துக்கு முன் சாதாரண பெட்ரோல் போட்டுக்கொண்டு காரவள்ளியிலிருந்து ஏறத் தொடங்கினேன். அங்கிருக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் இருபதைத் தாண்டுவதற்குள், திராட்டிலைத் திருகும்போதெல்லாம் தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம் எஞ்சினிலிருந்து வந்தது. மலைமேல் இருக்கும் செம்மேட்டில் ஒரு மெக்கானிக் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். விளிம்பில் கரி படிந்திருந்தது. நடுவிலிருந்த வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவியது போலப் புள்ளிகளும், அவற்றினிடையே ஓரிரண்டு வெள்ளி மினுக்கங்களும் இருந்தன. "பிஸ்டன் உருகத் தொடங்குது தம்பி, இதோட மேல ஓட்டாதீங்க" என்றார். வண்டியை மினி லாரியில் ஏற்றித்தான் கீழே கொண்டுவந்தேன்.

காரணம் பிறகு புரிந்தது. பொறியிடும் நேரத்தை 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு ஏற்ப முன்தள்ளியிருந்தார்கள். மலையடிவாரத்து பங்க்கில் அன்று நான் போட்டதோ 91. ஆக்டேன் என்பது அழுத்தத்தில் பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு; அது குறைந்ததால்தான் அந்தச் சத்தம். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்து பெட்ரோல் அளவைச் சரிசெய்ய உதவும் ஆக்சிஜன் சென்சாரின் கட்டுப்பாட்டையும் அணைத்திருந்ததால், 30 கிலோமீட்டர் கொடுத்த மைலேஜ் 22க்கு இறங்கியிருந்தது. 15 லிட்டர் டேங்கில் 450 கிலோமீட்டர் போன வண்டி 330இல் நிற்கும் என்றால், பங்க்குகள் அரிதான ஊர்களில் அது என்ன பயண வண்டி? கிடைத்த பெட்ரோலைக் குடித்துக்கொண்டு, எந்த ஊர் மெக்கானிக்கும் கைவைக்கும்படி இருப்பதுதான் இந்த வண்டியின் பலம். நான் காசு கொடுத்து அதைத்தான் கெடுத்துக்கொண்டேன்.

இதையெல்லாம்விட என்னைக் கொதிக்க வைத்தது அந்தத் தாள்தான். அதே கடையில் ரீமேப் செய்த இன்னொரு ஹிமாலயன்காரர் தன் தாளைக் காட்டினார்: வேறு தேதி, வேறு வண்டி எண், ஆனால் 4,200 ஆர்பிஎம்மில் விழும் சிறு பள்ளம் உட்பட அதே கோடு. மூலையில் இருந்த வெப்பநிலையும் ஒன்றே. காற்றழுத்தம் இரண்டிலும் 1,009 மில்லிபார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோயம்புத்தூரில் உண்மையில் அளந்திருந்தால் 965ஐ ஒட்டித்தான் வந்திருக்கும். என் வண்டி டைனோவில் ஏறவே இல்லை.

பழைய மேப்பைத் திரும்பப் போடச் சொன்னபோது, பிரதி எடுத்து வைக்கவில்லை என்று கைவிரித்தார்கள். சர்வீஸ் சென்டரின் கருவியால் இசியூவைப் படிக்கவே முடியவில்லை, வாரண்டியும் போயிற்று. புது இசியூவுக்கும் பிஸ்டனுக்கும் சேர்த்து, ரீமேப்புக்குக் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் செலவானது.

எனவே, நெடும்பயணத்துக்கு வைத்திருக்கும் இத்தகைய வண்டியில் ரீமேப் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அப்படியும் செய்தே தீருவேன் என்பவர்கள், வண்டி டைனோவில் ஓடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்; முன்னும் பின்னும் ஒரே நாளில் எடுத்த அளவீடுகளோடு காற்று–எரிபொருள் விகிதக் கோட்டையும் கேளுங்கள்; பழைய மேப்பின் பிரதி உங்கள் கைக்கு வராமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். விசாரணை முடியும்வரை கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இரண்டு தாள்களின் நகல்களையும், செம்மேட்டில் கழற்றிய அந்த பிளக்கையும் அங்கே ஒப்படைத்துவிட்டேன்.