மாவட்ட நுகர்வோர் ஆணையம்: வழக்கறிஞர் இல்லாமல் சென்றவளின் விமர்சனம்

வாங்கிய சில வாரங்களிலேயே இரண்டு லிட்டர் கிரைண்டரில் உளுந்து மாவு சாம்பல் நிறமாக வந்தது. மாற்றித்தரக் கடை மறுத்ததால் எங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனேன். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, நாமே வாதாடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர், "அளவுக்கு மீறிப் போட்டு அரைத்திருக்கிறார்கள்" என்றார். அமர்விலிருந்த பெண் உறுப்பினர் என்னிடம், "எந்த ஈட்டில் நிறம் மாறியது? கல்லைக் கழற்றிக் கழுவியபோது கையில் கறுப்பு ஒட்டியதா?" என்று கேட்டார். ஒட்டியது என்றேன். உடனே அந்த வழக்கறிஞரிடம் திரும்பி, "சுமை கூடினால் மோட்டார் திணறும், மாவு ஏன் கறுக்கிறது?" என்றார். அவரிடம் பதில் இல்லை. பணம் திரும்பக் கிடைத்தது.

நாள்தோறும் மாவு அரைத்த கைக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும். உறுப்பினர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று 1986 சட்டமே சொன்னது. 2020 விதிகளும் தலைவர் அல்லது உறுப்பினர்களில் குறைந்தது ஒரு பெண்ணைக் கேட்கின்றன. ஆனால் 'குறைந்தது ஒருவர்' என்பதையே பல இடங்களில் உச்சவரம்பாக்கிவிடுகிறார்கள். அது எனக்கு ஆற்றாமைதான். மாற்றுத்திறனாளிகளுக்கு அந்த உறுதிகூட அவ்விதியில் இல்லை. அன்று சக்கர நாற்காலியில் வந்த முதியவரை வாசற்படியில் இருவர் தூக்கித்தான் உள்ளே கொண்டுவந்தார்கள்.

வாய்தாக்கள் அதிகம். ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். பிரச்சினை தோன்றிய இரண்டு ஆண்டுக்குள் போய்விடுங்கள்.