அம்மாவின் மைலோ டின்னும் எங்கள் ஊர் டிசைனர் தம்பியும்

எங்கள் ஊர் டிசைனர் தம்பி என் மசாலைக்குச் செய்துகொடுத்த வேலையின் செலவை முதலில் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். லோகோ, நான்கு லேபிள், ஒரு பந்திங் (விளம்பரப் பதாகை), பதினைந்து வினாடி வீடியோ, ஒரு பக்க இணையத்தளம், எல்லாம் சேர்த்து 3,200 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். அச்சுக் கூலி தனி. பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார். கணக்கைக் கேட்ட என் வீட்டுக்காரர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நான் விற்பது மசாலைத் தூள். அப்போது கால் கிலோ பொட்டலம் 9 வெள்ளி. எத்தனை பொட்டலம் விற்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தைக்காரி. 2007-இல் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். லேபிளில் முகவரி போட வேண்டுமென்றால் அதைத்தான் போட வேண்டும். ஆனால் ஒட்டுக்கடையில் யாராவது ‘எந்த ஊர்?’ என்று கேட்டால் என் வாயில் வருவது இன்னும் பழைய பெயர்தான். அம்மா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். கித்தாவை (ரப்பர் மரங்களை) அழித்துச் செம்பனை போட்டபோது, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டைக் காலி செய்துகொண்டு தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு வந்தோம். அம்மா அரைக்கிற மீன் மசாலைக்குத் தோட்டத்திலேயே பெயர் உண்டு. அவர் போன பிறகு நான் அதே பக்குவத்தில் அரைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, தெரிந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மளிகைக் கடைக்காரர், லேபிள் ஒட்டிக் கொண்டுவந்தால் அலமாரியில் வைக்கிறேன் என்றார். உடனே ஓர் அச்சகத்துக்கு ஓடினேன். மூன்றே நாளில் 1,000 ஸ்டிக்கர் கைக்கு வந்தது. பிரித்துப் பார்த்தால் ‘கொத்தமல்லி’யில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, கால் யாரோ விட்டுப்போன கைத்தடி மாதிரி தனியாக நிற்கிறது. கேட்டதற்கு, ‘ஆண்ட்டி, கம்ப்யூட்டர்ல தமிழ் அப்படித்தான் வரும்’ என்றார்கள். நான் நாள் முழுக்கக் கைப்பேசியில் செல்லினம் என்ற செயலியை வைத்துத் தமிழில் தட்டிக்கொண்டிருப்பவள். அதை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். என்னிடம் போய்க் கணினிக்குத் தமிழ் வராது என்கிறார்கள்! அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் செய்திருந்தார்கள். நான் கேட்காமலே மூலையில் ஒரு ஹலால் முத்திரை. என் தூளில் இருப்பது மிளகாயும் மல்லியும்தான், சரி. ஆனாலும் சான்றிதழ் எடுக்காமல் அந்த முத்திரையைப் போட்டால் குற்றம். அதற்கென்றே 2011-இல் ஓர் ஆணை போட்டிருக்கிறார்கள். ஆயிரத்தையும் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

அப்புறம்தான் இந்தத் தம்பியைப் பற்றித் தெரிந்தது. இரும்புக் கடை மாடியில் ஓர் அறை, ஒரு பெரிய திரை, ஒரு மின்விசிறி. கோலாலம்பூரில் விளம்பர வேலை பார்த்தவர். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது வீட்டுக்கு வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். பெயரை இங்கே போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், தீபாவளி வரைக்கும் கை நிறைய வேலையாம். எங்கள் ஊரில் இரும்புக் கடை மாடி என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

நான் போனதும் நிறம் என்ன பிடிக்கும், எந்தக் கடை லோகோ மாதிரி வேண்டும் என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்து, கைப்பேசியில் இருபது படம் சேர்த்து வைத்திருந்தேன். அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. ‘அக்கா, வீட்டுல இப்ப தூளை எதுல வெச்சிருக்கீங்க?’ என்றார். அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கே வந்து, அடுப்படியில் ஒரு மணி நேரம் நின்றார். தே தாரிக் கொடுத்தேன், ஆறிப்போன பிறகு குடித்தார்.

அம்மாவின் பழைய மைலோ டின் ஒன்றில்தான் அன்றாடத் தூள் இருக்கும். பச்சையெல்லாம் உரிந்து பாதி துரு. அதன்மேல் காயத்துக்குப் போடுகிற வெள்ளைப் பிளாஸ்டரை ஒட்டி, நீலப் பேனாவில் அம்மா ‘மசாலை’ என்று எழுதியிருக்கிறார். அந்த லை நாம் இப்போது எழுதுகிற லை இல்லை. இரட்டைச் சுழி தனியாக முன்னால் நிற்காது. ல-வின் தலையிலிருந்தே யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு மேலே கிளம்பும். 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து ணை, லை, ளை, னை நான்கையும் மற்ற எழுத்துகளின் வரிசையில் சேர்த்தார்கள். பிற்பாடு இங்கேயும் பாடப்புத்தகங்கள் மாறின. அம்மா மாறவில்லை. தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர், அவர் எழுதியதே டின்களிலும் கடைப் பற்று நோட்டிலும்தான்.

தம்பி டின்னை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்துப் படமெடுத்தார். ‘இதை ரெண்டு வாரம் எடுத்துட்டுப் போகவா?’ என்றார். தூளை வேறு டப்பாவில் கொட்டிவிட்டுக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் ஐந்து வாரம் ஆயிற்று. இது என் முதல் குறை. புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கேட்டால் ‘வந்துகொண்டிருக்கிறது அக்கா’ என்று ஒரு வரி. வெள்ளிக்கிழமை இரவில் அதுவும் வராது, ஃபுட்சால். கடைசியில் கூப்பிட்டுக் காட்டியபோது ஒரே ஒரு லோகோதான் இருந்தது. மூன்று காட்டுங்கள், ஒன்றைப் பொறுக்கிக்கொள்கிறேன் என்றேன். ‘மூணு கொடுத்தா மூணுலேருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒட்டச் சொல்லுவீங்க’ என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் என்னைப் பற்றி அவர் சொன்னது தப்பில்லை.

லோகோ அம்மாவின் அந்த லை, அவ்வளவுதான். எழுத்துருவில் தட்டினால் அந்த வடிவம் வராது என்பதால் கையால் வரைந்திருக்கிறார். அப்படியே நகலெடுக்கவில்லை. பேனா அழுத்திய இடத்தில் தடிமன், இழுத்த இடத்தில் மெலிவு, துதிக்கை முடிகிற இடத்தில் அம்மாவின் கை கொஞ்சம் நடுங்கியது கூட இருக்கிறது. பிறகு அதைப் பத்து சென் நாணயத்தின் அளவுக்குச் சிறிதாக அச்சடித்துக் காட்டினார். உள்சுழி அடைத்துக்கொண்டு ஒரு கறுப்புப் பொட்டாகிவிட்டது. அதனால் சின்ன அளவுக்கென்று சுழியைத் திறந்து, கோட்டை மெலிதாக்கி இன்னொன்று வரைந்து வைத்திருந்தார். பந்திங்குக்கு ஒன்று, மூடிக்கு ஒன்று. தள்ளி வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரிகிறது. இதற்குத்தான் ஐந்து வாரம் ஆனது என்று அப்போது புரிந்தது. அதற்காக ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

என் மகன் பார்த்துவிட்டு, ‘இது மலையாளமா மா?’ என்றான். அவன் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவன். தம்பியிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, அடியில் ‘மசாலை’ என்று இன்றைய எழுத்தில் சேர்த்தார். பெயரைக் கொஞ்சம் ஸ்டைலாக மாற்றலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். ‘நம்ம ஊருக்குப் பேரு மாத்துனாங்களே, நீங்க எப்படிக் கூப்பிடுறீங்க?’ என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

அச்சு வேலையில்தான் இவர் கைகாரர். திரையில் பார்த்த மிளகாய்ச் சிவப்பு பளீரென்று இருந்தது. அச்சில் அப்படி வராது என்று அவரே முன்கூட்டிச் சொன்னார். திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, அச்சு இயந்திரத்தில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மைதான், அந்த நான்கால் எட்ட முடியாத நிறங்கள் உண்டு. சொன்னதோடு விடாமல் ஆறு சிவப்பை நீளக் கீற்றுகளாக அச்சடித்துக்கொண்டு வந்து, என் அடுப்படி ட்யூப் லைட்டுக்குக் கீழே, கொட்டி வைத்த தூளுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். நான் கைகாட்டியது பிரகாசமான ஒன்றை. அவர் எடுத்தது சற்று மங்கலான, செங்கல் கலந்த ஒன்றை. காரணம் கேட்டேன். தூளில் தோய்த்த விரலை இரண்டின் மேலும் அழுத்தினார். என்னுடையதில் ரேகை தெரிந்தது, அவருடையதில் தெரியவில்லை. மசாலை அரைக்கிறவளுக்குத் தோன்றாதது மசாலை அரைக்காதவருக்குத் தோன்றியிருக்கிறது.

லேபிள் தாளும் அப்படித்தான். வழக்கமாக எல்லாரும் போடுகிற மிரர்கோட் ஸ்டிக்கர் எண்ணெய்க்கை பட்டால் ஊறி ஓரம் கிளம்பும். எனக்கு ஊறுகாய்ப் புட்டியும் இரண்டு வகை உண்டு. அவர் நான்கு வகைத் துண்டுகளைப் புட்டியில் ஒட்டி, நல்லெண்ணெய் தடவி, ஒரு ராத்திரி அப்படியே வைக்கச் சொன்னார். காலையில் பிளாஸ்டிக் லேபிள் மட்டும் அசையாமல் இருந்தது. விலை கூடத்தான். தூள் பொட்டலத்துக்கு மலிவான தாளே போதும், புட்டிக்கு மட்டும் இதைப் போடுங்கள் என்று பிரித்துக் கொடுத்தார். வகைக்கு 500 என்பதால் டிஜிட்டல் அச்சு. ஆஃப்செட் என்றால் தகடு போடுகிற செலவே என்னைக் கவிழ்த்திருக்கும். வெட்டுகிற கத்தி கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழாமலிருக்க நாலு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் நிறத்தைக் கூட்டி விட்டிருந்தார். தமிழ் எழுத்தையெல்லாம் யூனிகோடில் தட்டி, சரிபார்த்து, கோட்டு வடிவமாக மாற்றிய பிறகுதான் அச்சகத்துக்கு அனுப்பினார். எந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தாலும் கொம்பும் காலும் இனி ஓடாது.

சட்டமும் தெரிந்து வைத்திருக்கிறார். உணவு விதிமுறைகள் 1985-இன்படி இங்கே செய்கிற பொருளின் லேபிள் மலாயில் இருக்க வேண்டும், மற்ற மொழியைக் கூடச் சேர்த்துக்கொள்ளலாம். அதனால் ‘செர்புக் காரி இகான்’ (மீன் கறித் தூள்) என்று முன்னால் தெளிவாக, சேர்மானங்கள் எடை அதிகமானது முதலில் என்ற வரிசையில், நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி, காலாவதித் தேதி எல்லாம் அதனதன் இடத்தில். தேதிக்கு ஒரு வெள்ளைக் கட்டம் விட்டிருக்கிறார், நான் முத்திரை குத்திக்கொள்கிறேன். ஹலால் முத்திரையைப் பற்றிக் கேட்டேன், அதற்குச் சான்றிதழ் கொடுப்பது ஜாக்கிம் என்கிற அரசு இஸ்லாமியத் துறை. ‘ஜாக்கிம் சான்றிதழ் வந்ததும் கூப்பிடுங்க, காசு வாங்காம சேர்த்துத் தர்றேன்’ என்றார்.

வீடியோவைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. அந்தத் துதிக்கை மெல்ல எழுந்து தூளைத் தூவுகிறது, கீழே எழுத்து வருகிறது. அழகுதான். புலன ஸ்டேட்டஸை முக்கால்வாசிப் பேர் சத்தமில்லாமல் பார்ப்பார்கள் என்பதால் இசையை நம்பாமல் செய்திருக்கிறேன் என்றார், அது நியாயம். ஆனால் விலையும் தொலைபேசி எண்ணும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிவிட்டன. எங்கள் பெரியம்மா இரண்டு தடவை பார்த்துவிட்டு, ‘யானை நல்லா இருக்குடி, என்ன விக்கிற?’ என்றார். மூன்று முறை திருத்தச் சொல்லி, கடைசியில் எண் நான்கு வினாடி நிற்கிறது. இதற்கு மட்டும் 600 வெள்ளி. தீபாவளி முடிந்ததும் யாரும் பார்க்கவில்லை. உங்களுக்கு இதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிட்டு அந்தக் காசை லேபிளில் போடுங்கள்.

இணையத்தளம் ஒரே பக்கம். நான் பத்துப் பக்கம் கேட்டேன், ‘பத்துப் பக்கத்துக்கு நாம என்ன எழுதப் போறோம்?’ என்றார். நான்கு பொருள், விலை, ஒரு படம், தட்டினால் புலனத்துக்குப் போகிற பொத்தான், வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் கட்ட டுயிட்நவ் கியூஆர் குறியீடு. செம்பனைக்கு நடுவில் ஒரே ஒரு கோடு சிக்னல் வருகிற இடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தித் திறந்து பார்த்திருக்கிறார். படங்கள் மெதுவாக வந்தன என்று அன்றிரவே சுருக்கிவிட்டார். எனக்கு மிகவும் பிடித்தது, முகவரியை என் பெயரிலேயே பதிவு செய்து, கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது. என் சின்னம்மா மகளுக்கு முன்பு தளம் செய்த ஒருவர் தன் பெயரில் பதிந்துகொண்டு, பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. குறை என்னவென்றால் விலை மாற்றக்கூட இவரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. மிளகாய் விலை ஏறி நான் 10 வெள்ளியாக்கியபோது தளத்தில் ஒன்பது நாள் 9 வெள்ளியே நின்றது. சொன்ன விலைக்குத்தான் கொடுத்தேன், வேறென்ன செய்வது. மாற்றுவது எப்படி என்று கற்றுத் தரச் சொல்லியிருக்கிறேன், வருகிறேன் என்றிருக்கிறார்.

மளிகைக் கடைக்காரர் இப்போது கண் உயரத்துக்கு அலமாரியில் இடம் கொடுத்திருக்கிறார். அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் இன்னும் 3,200 என்று முணுமுணுக்கிறார், ஆனால் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பந்திங்கை நிமிர்த்திக் கட்டுவது அவர்தான்.

போகிறவர்கள் காலை பத்து மணிக்கு மேல் போங்கள். அவசரமான வேலை என்றால் வேறிடம் பாருங்கள். வீட்டில் பழைய டப்பா, பற்று நோட்டு, கல்யாணப் பத்திரிகை எது இருந்தாலும் கொண்டுபோய்க் காட்டுங்கள், ஆனால் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள். என் அம்மாவின் மைலோ டின் இன்னும் அவர் மேசையில்தான் இருக்கிறது. உள்ளே பேனா போட்டு வைத்திருக்கிறார்.