ஆனியா, டெலிகிராப் கிளப்பா?

தோழிகள் காதலர்களாகும் நாவலில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நான்சி கார்டனின் ‘ஆனி ஆன் மை மைண்ட்’ (1982) நல்லதா, மலிண்டா லோவின் ‘லாஸ்ட் நைட் அட் த டெலிகிராப் கிளப்’ (2021) நல்லதா?

அளவு: ஆனி சின்னது, எளிய ஆங்கிலம். லோவுடையது தடிமன்.

நட்பு: நியூயார்க் அருங்காட்சியகத்தில் சந்திக்கும் லைசாவும் ஆனியும் சட்டென்று ஒட்டிக்கொள்கிறார்கள். லோவின் நாவலில் லில்லியும் கேத்தும் ஒரே பள்ளி. 1954, சான் பிரான்சிஸ்கோ சைனாடவுன், அரசின் கம்யூனிஸ்ட் வேட்டை, லில்லியின் அப்பாவின் குடியுரிமைக்கே ஆபத்து, இதற்கு நடுவில் காதல் நிதானமாகத்தான் வருகிறது, எனக்குப் பிடித்ததே அந்தத் தாமதம்தான்.

முடிவு: இரண்டிலும் காதலர்களைச் சாகடிக்கவில்லை, அப்பாடா.

இந்த வகையை முதன்முறை தொடுகிறீர்களா, ஆனி. வரலாறும் வேண்டும், பொறுமையும் இருக்கிறது என்றால் யோசிக்காமல் லோ.