பகலில் தூங்குகிறவன் வீட்டில் ஒரு மஞ்சள் ரயில்

எனக்கு வேலை இரவில். சிங்கப்பூர் மெட்ரோவான எம்ஆர்டியின் கடைசி ரயில் போய், மின்சாரத்தை நிறுத்தி, இறங்கலாம் என்று தகவல் வந்த பிறகுதான் நாங்கள் தண்டவாளப் பக்கம் கால் வைப்போம். விடியற்காலையில் முதல் ரயில் கிளம்புவதற்குள் ஆளும் கருவியும் வெளியே வந்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்து எட்டு மணிக்குப் படுத்தால் மதியம் இரண்டு வரை அசைய மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதப்போவது தக்காரா டோமி கம்பெனியின் பிளாரெயில் வரிசையில் வரும் ‘டாக்டர் எல்லோ’ பொம்மை ரயிலைப் பற்றி. அது போடும் சத்தத்துக்கும் என் தூக்கத்துக்கும் நிறையச் சம்பந்தம் இருக்கிறது.

வாங்கியது மகனுக்கு. ஐந்து வயது, பாலர் பள்ளியில் படிக்கிறான். யூடியூபில் ஏதோ பார்த்துவிட்டு வந்து, “அப்பா, இது உங்க வேலை செய்யுற ரயிலா?” என்று கேட்டான். ஒருவிதத்தில் ஆமாம்தான். அதற்கு மேல் யோசிக்காமல் பர்ஸைத் திறந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்கு: ஜப்பானில் ஷிங்கான்சென் என்ற அதிவேக ரயிலின் பாதையைச் சோதிப்பதற்கென்றே ஓடும் மஞ்சள் ரயில்தான் டாக்டர் எல்லோ. ஏழு பெட்டி. 700 வரிசைப் பயணிகள் ரயிலின் உடம்பை எடுத்து உள்ளே முழுக்கக் கருவிகளை வைத்திருக்கிறார்கள். மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே தண்டவாளம், மேலே போகும் மின்கம்பி, சிக்னல் எல்லாவற்றையும் பார்த்துவிடும். டோக்கியோவுக்கும் ஹகாட்டாவுக்கும் இடையில் சுமார் பத்து நாளைக்கு ஒரு தடவை ஓடும். நேர அட்டவணையை வெளியே சொல்ல மாட்டார்கள். அதனால்தான் அது கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம் என்று அங்கே ஒரு பேச்சு. டி4, டி5 என்று இரண்டு ரயில்கள் இருந்தன. டி4க்கு 2025 ஜனவரியோடு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். நான் வாங்கிய பெட்டியில் டி4 என்றுதான் போட்டிருக்கிறது. ஓய்வுபெற்றவர் எங்கள் வீட்டில் மறுபடி வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்.

கடைக்காரப் பையன் மட்டும் கொஞ்சம் ஏமாற்றிவிட்டான். “எல்லாம் உள்ளே இருக்கு அங்கிள்” என்றான். வீட்டுக்கு வந்து பிரித்தால் ரயில் மட்டும்தான் இருந்தது. தண்டவாளமும் இல்லை, பேட்டரியும் இல்லை. அட்டையில் எழுதியிருப்பது முழுக்க ஜப்பானிய மொழி, நான் எங்கே படிக்க? திரும்பப் போய் நீலத் தண்டவாள செட் ஒன்றைத் தனியாக வாங்கினேன். ரயிலும் தண்டவாளமும் சேர்ந்து எழுபது வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தொட்டுவிட்டது. பெட்டியில் தண்டவாளத்தின் படம் இல்லையென்றால் உள்ளேயும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பொம்மை நன்றாகவே இருக்கிறது. முன், நடு, பின் என்று மூன்று பெட்டி. ஒரே ஒரு டபுள் ஏ பேட்டரி போதும். முன்விளக்கு எரியும். அந்த நீள மூக்கும் நீலப்பட்டையும் அப்படியே வந்திருக்கின்றன. எனக்கு ஒரே ஒரு மனக்குறை. நிஜ ரயிலில் தண்டவாளத்தை அளக்கிற கருவி இருப்பது நாலாவது பெட்டியில். ஏழு மூன்றாகச் சுருங்கியபோது அதுதான் காணாமல் போயிருக்கிறது. நடுப்பெட்டியை நாலாவது என்று நாங்களே பேசி வைத்துக்கொண்டோம். மகன் அதன்மேல் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டான்.

இப்போது சத்தத்துக்கு வருகிறேன். எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் தரை முழுக்க டைல்ஸ். அதன்மேல் இந்தப் பிளாஸ்டிக் தண்டவாளத்தைப் போட்டு ரயிலை விட்டால் தையல் மெஷினைத் தரையில் வைத்து மிதிப்பது போல ஒரு சத்தம். முதல் நாள் காலை ஒன்பதரைக்கு நான் துள்ளி எழுந்தேன். மூன்றாம் நாள் கீழ்வீட்டு ஆன்ட்டி லிஃப்டில் பார்த்து, உங்கள் வீட்டில் ஏதாவது ரிப்பேர் வேலை நடக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டார். அன்றே என் மனைவி ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டினாள்: இரண்டு மணிக்கு முன்னால் ரயில் ஓடாது. இப்போது ஒன்றே முக்காலுக்கே ரயிலைக் கையில் பிடித்துக்கொண்டு அறை வாசலில் உட்கார்ந்துவிடுகிறான். “கரண்ட் போட்டாச்சா?” என்று கதவிடுக்கு வழியாகக் குரல் வரும்.

சத்தம் குறைய மனைவியின் யோகா பாயை விரித்து அதன்மேல் தண்டவாளத்தைப் போட்டோம். சத்தம் பாதியாகக் குறைந்தது. ஆனால் ரயில் கவிழ ஆரம்பித்தது. எட்டு வளைவுத் துண்டு சேர்ந்தால் ஒரு முழு வட்டம். அதில் ஒரே ஒரு மூட்டில், சமையலறைப் பக்கம், ஒவ்வொரு சுற்றிலும் முன்பெட்டி வெளியே போய் விழும். மகன் துண்டை மாற்றிப் பார்த்தான், அதே இடம். குனிந்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். மூட்டு நன்றாகத்தான் இருந்தது, மேடு பள்ளம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு ரயிலை விடச் சொன்னேன். முன்பெட்டி அந்த மூட்டில் ஏறியதும் ஒரு பக்கம் பொசுக்கென்று கீழே போனது. ரயில் தாண்டியதும் ஒன்றுமே நடக்காதது போலத் தண்டவாளம் எழுந்து நின்றது. பாய்க்கு அடியில் ஒரு காற்றுப்பை. அங்கே பாய் தரையைத் தொடவே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே சமாச்சாரத்தைத்தான் வேலையில் புதிதாகச் சேருகிற பையன்களுக்குப் புரியவைக்க நாங்கள் தொண்டை வற்றக் கத்துகிறோம். தண்டவாளத்தைத் தாங்குகிற ஸ்லீப்பர் கட்டைக்கு அடியில் ஜல்லி இறங்கிவிட்டால் கட்டை தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு நிற்கும். டார்ச் அடித்து நடந்து போனால் தெரியாது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் உள்ள அகலத்தைக் கேஜ் வைத்து அளந்தாலும் 1435 மில்லிமீட்டர் சரியாக இருக்கும். ரயிலின் பாரம் ஏறும்போது மட்டும் அது இறங்கும். போனதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். பாரம் இல்லாமல் அளந்தால் தண்டவாளம் பொய் சொல்லும். இதனால்தான் அளக்கும் வண்டிக்கும் ரயில் மாதிரியே எடை இருக்க வேண்டும். வெறும் கேமராவும் லேசரும் போதுமென்றால் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிவிட்டுப் போயிருப்பார்களே.

தள்ளுவண்டி என்றதும் ஊர் ஞாபகம் வருகிறது. விழுப்புரம் பக்கம் சின்ன வயதில் புஷ் டிராலி பார்த்திருக்கிறேன். இன்ஜினியர் பெரிய குடைக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பின்னால் இரண்டு பேர் தண்டவாளத்தின் மேலேயே ஓடிக்கொண்டு தள்ளுவார்கள், கால் ஒரு இன்ச் பிசகாது. ரயில் வருகிறது என்றால் வண்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். ஆள் தூக்குகிற எடைதான். கண்ணுக்குத் தெரிகிற பழுதுக்கு அது போதும். தொங்கும் கட்டையை அது காட்டிக்கொடுக்காது.

ஆகவே இந்தப் பொம்மை எதையும் சோதிக்காது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாயின் மேல் போட்டால் சோதிக்கிறது! காற்றுப்பை இருந்த இடத்தில் பாயைத் தட்டிவிட்டு, அடியில் பழைய நாளிதழை மடித்து வைத்தேன். அன்றிலிருந்து அங்கே கவிழவில்லை. மகனுக்கு இதில் கொஞ்சம் வருத்தம். இப்போது அவனே அழிரப்பரைப் பாய்க்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, எங்கே என்று என்னைக் கண்டுபிடிக்கச் சொல்கிறான்.

போன வாரம், “நம்ம ஊர்ல டாக்டர் எல்லோ இருக்கா?” என்றான். இங்கேயும் பாதையைச் சோதிக்கும் வண்டிகள் உண்டு, நீ தூங்கின பிறகுதான் வெளியே வரும் என்றேன். புது ரயில்கள் சிலவற்றில் தண்டவாளத்தைப் பார்க்கும் கருவியையே பொருத்திவிட்டார்கள், ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போதே அது வேலையைப் பார்த்துவிடும் என்றும் சொன்னேன். ஜப்பானிலும் அதுதான் நடக்கிறது. டி5-உம் 2027க்கு அப்புறம் ஓய்வு பெறப்போகிறது. அதன் வேலையை, கருவி பொருத்திய என்700எஸ் என்ற பயணிகள் ரயில்கள் பார்த்துக்கொள்ளும். வேலைக்காரனாக எனக்கு இது நல்ல செய்தி. பத்து நாளைக்கு ஒரு தடவை பார்ப்பதைவிட ஓடுகிற ரயிலே அடிக்கடி பார்த்துச் சொன்னால் நமக்கு முன்கூட்டியே தெரியும். மகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப மஞ்சளா இருக்காதா?” என்றான். இருக்காது என்றேன். முகம் விழுந்துவிட்டது. ஜேஆர் ஈஸ்ட் என்ற ஜப்பானிய ரயில் கம்பெனியின் ‘ஈஸ்ட் ஐ’ என்ற சோதனை ரயிலைப் படத்தில் காட்டிச் சமாளித்தேன். அது வெள்ளையில் சிவப்புப் பட்டை போட்டது. மஞ்சள் இல்லாததால் இரண்டு வினாடிக்கு மேல் பார்க்கவில்லை.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று சத்தத்துக்கு. வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். மோட்டார் சக்கரத்தில் சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது. தரையில் கிடக்கும் தலைமுடியெல்லாம் அதில்தான் போய்ச் சுற்றிக்கொள்ளும். ரயில் வேகம் குறைந்தால் உடனே பேட்டரியை மாற்றாமல் முதலில் அதைப் பாருங்கள். என் மனைவியின் புருவம் எடுக்கும் இடுக்கி அதற்குச் சரியாக இருக்கிறது, அவளிடம் சொல்லவில்லை. அப்புறம் பாயை மெல்லியதாகப் பார்த்து வாங்குங்கள். எட்டு மில்லிமீட்டர் பாயில் எந்த ரயிலும் ஒழுங்காக ஓடாது.